மீதி முப்பத்தாறு

"என்னால முடிஞ்ச வரைக்கும் பார்த்தேன்" என்ற வாக்கியம் ஒரு காலத்தில் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக இருந்தது. ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்த பையன் அதைச் சொன்னான். கேட்ச்சைக் கோட்டைவிட்டவர் சொன்னார். சிலிண்டரைத் தூக்கி வைக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் கணவர்களும் சொன்னார்கள். கேட்டவர்களுக்குச் சந்தேகம் இருந்தாலும் நிரூபிக்க வழியில்லாததால், சரி போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போனதில் பாதி இப்படி விட்டுவிட்டதால்தான் என்பது முயற்சிமானி வந்த பிறகுதான் தெரிந்தது.

அது பார்ப்பதற்கு ஒரு சாதாரண நாற்காலி. முழங்காலுக்குக் கீழே மெத்தை வைத்த ஒரு தண்டு, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, தொடையில் ஒட்ட இரண்டு வில்லைகள். உட்கார்ந்து, காலை நீட்டித் தண்டைத் தள்ளினால், உடம்பில் இருக்கிற பலத்தில் எத்தனை விழுக்காட்டை ஒருவர் வெளியே எடுக்கிறார் என்று எண் காட்டும். முதலில் விளையாட்டு வீரர்களுக்கு வந்தது, பிறகு போலீஸ் தேர்வுக்கு வந்தது, பிறகு எல்லா நல்ல கருவிகளையும் போலத் தொழிலாளிகள் தலையில் வந்து விடிந்தது.

கோயம்புத்தூரைத் தாண்டி அன்னூர் போகும் சாலையில் இருந்த ஒரு சரக்குக் கிடங்கிலும் ஒரு நாற்காலி போட்டார்கள். அங்கே ஒழுங்கான சதுரப் பெட்டிகளை ரோபோக்கள் எடுத்து அடுக்கிவிடும். கோணல்மாணலாக வருகிற அரிசி மூட்டை, சைக்கிள், கல்லோடு சேர்த்துக் கட்டிய கிரைண்டர் இவற்றை மட்டும் மனிதர்கள் தூக்கினார்கள். அதில் பெண்களே அதிகம். மூன்று முறை அளந்தும் எண்பதைத் தொடாதவரின் பெயருக்கு எதிரே "முயற்சி மறுப்பு" என்று பதிவாகும். அந்தப் பதிவு ஒட்டிக்கொண்டால் இந்தக் கிடங்கிலும் வேலை கிடையாது, வேறெந்தக் கிடங்கிலும் கிடையாது.

சுடர்க்கொடி அங்கே பிசியோதெரபிஸ்ட். முன்பெல்லாம் பிடித்துக்கொண்ட முதுகுகளை நீவிவிட்டு, உடற்பயிற்சி சொல்லித் தருவாள். இப்போது ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து எண்ணைப் படிப்பதுதான் அவள் வேலை. தொழிலாளர்கள் அவளைக் கண்டால் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மயிலாத்தாள் அன்று இரண்டாவது முறையாக உட்கார்ந்தாள். கிடங்கில் கிரைண்டர் பெட்டியைத் தனியாளாகத் தோளுக்கு ஏற்றக்கூடியவள் அவள் ஒருத்திதான். மேற்பார்வையாளர் அவளைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எண் அறுபத்து நான்கு என்று வந்தது.

"முழுசாத்தானுங்க தள்ளுனேன்," என்றாள் மயிலாத்தாள். "நான் மிச்சம் வெச்சேன்னு இதுக்கு எப்படிங்க தெரியும்?"

"சொல்றேங்கக்கா. முதல்ல உங்க தொடைச் சதை எவ்வளவு பெருசுன்னு படம் எடுத்துப் பார்த்துக்குது. இவ்வளவு சதைக்கு இவ்வளவு பலம் வரோணும்னு அதுக்கு ஒரு கணக்கு இருக்குதுங்க. அப்புறம் நீங்க தள்ளிட்டு இருக்கறப்பவே சுருக்குன்னு கரண்ட் குடுத்துச்சு பாருங்க, அப்ப கால் இன்னும் கொஞ்சம் எகிறுச்சுன்னா நீங்க பாக்கி வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். எகிறலைன்னா உள்ளதையெல்லாம் குடுத்துட்டீங்கன்னு அர்த்தம்."

"எகிறுச்சுங்களா?"

"எகிறுச்சுங்க."

மயிலாத்தாள் தன் தொடையைக் குனிந்து பார்த்தாள். கூடவே இருந்து காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து அதியமான் எழுந்து வந்தான். நாற்காலிக்குள் இருக்கிற கணக்கெல்லாம் அவன் எழுதியது. சென்னைக்காரன், நல்லவன், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவான். "அக்கா, உங்களோடது இந்தக் கிடங்குலயே தரமான சதை. ஒரு விரல் அளவு சதைக்கு உங்களுக்கு வர்ற பலம் இங்க ஆம்பளைங்களுக்கே வரல. நீங்க ஏன் அதை மறைக்கிறீங்கன்னுதான் எனக்குப் புரியல," என்றான். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

நிர்வாகத்தின் கணக்கு இன்னும் எளிமையானது. அறுபத்து நான்கிலேயே இவ்வளவு தூக்குகிறாள் என்றால் மீதி முப்பத்தாறை இத்தனை நாளாகத் திருடியிருக்கிறாள். பலம் குறைந்தவர்கள் தப்பித்தார்கள், ஏனென்றால் அவர்களிடம் திருட எதுவும் இல்லை.

எண்கள் உணவுக்கூடத்துத் திரையில் எல்லோரும் பார்க்க ஓடும். வெளிப்படைத் தன்மை என்று அதற்குப் பெயர். மயிலாத்தாளின் கணவன் நாச்சிமுத்து அதே கிடங்கில் லாரிப் பக்கம் வேலை செய்தான். அவன் எண் தொண்ணூற்று மூன்று. அன்று சாப்பாட்டுத் தட்டோடு திரையை அண்ணாந்து பார்த்தவன், பக்கத்தில் நாலு பேர் கேட்கும்படி மனைவியிடம் கேட்டான்.

"ஏனுங்க அம்மிணி, மீதி முப்பத்தாறை யாருக்கு எடுத்து வெச்சிருக்கறீங்க?"

கேட்டவர்கள் சிரித்தார்கள். மயிலாத்தாள் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. ஒரு எண்ணைக் கொடுத்தால் மனிதர்கள் அதை எங்கெல்லாம் கொண்டுபோய் வைப்பார்கள் என்று அதியமான் கணக்கு எழுதும்போது யோசித்திருக்க மாட்டான். நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த சுடர்க்கொடிக்குக் காது சுட்டது. அந்த அறுபத்து நான்கைப் படித்துப் பதிந்த கை அவளுடையது.

மூன்றாவது அளவைக்கு முந்தின நாள் பெண்கள் கழிப்பறையில் அவள் மயிலாத்தாளைப் பார்த்தாள். சீருடைக் கால்சட்டையின் உள்பக்கத்தைக் குழாயில் நனைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலாக மடித்த பழைய சேலைத் துண்டு ஒன்று பிழிந்து வைக்கப்பட்டிருந்தது. சுடர்க்கொடிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்தால்தான் அதிசயம். இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு அவளும் அடர்ந்த நிறத்தில் மட்டுமே கால்சட்டை எடுக்கிறாள், தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொள்கிறாள்.

"அக்கா, நாற்காலில உட்கார்றப்ப இதுக்குப் பயந்துதானுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மயிலாத்தாள் குழாயை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளேயே பேசினாள். "மூணாவது புள்ளை பொறந்ததுல இருந்து இப்படித்தானுங்க. மூச்சை அடக்கி முக்குனா ஒண்ணுக்கு வந்துருதுங்க. பெட்டியத் தூக்கறப்ப ஒரு தினுசாக் காலை ஒட்டிக்குவேன், ஓரளவுக்கு நிக்கும். காலைல இருந்து தண்ணி குடிக்கறதில்லீங்க. அந்த நாற்காலில காலை விரிச்சு உட்கார வெச்சுத் தள்ளுன்னா எப்படிங்க தள்றது? எதுக்கால அந்தத் தம்பி வேற உட்கார்ந்துட்டு இருக்குது."

"இதைச் சொல்லியிருந்தா..."

"சொல்லிப்போடாதீங்க," என்று மயிலாத்தாள் ஈரக்கையோடு அவள் கையைப் பிடித்தாள். "உங்களைக் கும்புட்டுக் கேக்கறனுங்க. திருடின்னு சொல்லட்டும், வேலையை விட்டு நிறுத்தட்டும், இது மட்டும் ஒருத்தருக்கும் தெரியப்படாது. என்ற வூட்டுக்காரருக்கே தெரியாதுங்க."

சுடர்க்கொடி சரி என்றாள். எனக்கும் இருக்கிறது அக்கா என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. வேறு ஆளில்லாத கழிப்பறை, தண்ணீர்ச் சத்தம், எதிரே அதே துணியோடு இன்னொரு பெண். அவள் சொல்லவில்லை. கண்ணாடிக்கு முன்னால் முகம் கழுவுவது போலக் குனிந்துகொண்டாள். தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மதியம் அதியமானின் அறைக்குப் போனாள்.

"பொம்பளைங்க எண் மட்டும் ஏன் சார் குறையுது? யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் மேடம். ஷாக்குக்குப் பயப்படறாங்கன்னு நினைச்சேன்."

"எல்லாப் பொம்பளைங்களுக்கும் குறையறதில்ல. கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்குத் தொண்ணூறுக்கு மேல வருது. குழந்தை பெத்தவங்களுக்குத்தான் விழுது. பிரிச்சுப் பாருங்க."

அவன் பிரித்துப் பார்த்தான். திரையில் இரண்டு கோடுகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. "இது எப்படி என் கண்ணுல படாமப் போச்சு," என்று உற்சாகமாகத் தன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தான். "காரணம் என்ன மேடம்? மூளை ஏதோ ஒரு காரணத்துக்காகப் பிரேக் போடுது. எதுக்காகப் போடுது?"

சுடர்க்கொடி வாயைத் திறந்தாள். கல்லூரியில் இந்தப் பாடத்தில் அவள்தான் முதல் மதிப்பெண். இடுப்புத்தளத் தசைகளை வரிசையாகப் பெயர் சொல்லி, படம் வரைந்து பாகம் குறித்தவள். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இப்போது வெளியே வரவில்லை.

"ஒரு பேஷண்ட் சொன்னாங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"யாரு? அவங்களைக் கூப்பிடுங்க, பேசலாம். வெறும் பேச்சை வெச்சு நான் கணக்கை மாத்த முடியாது மேடம், ஆதாரம் வேணும். நாளைக்கு மூணாவது அளவை. ஏகப்பட்ட பேரோட பேர் அடிபடப் போகுது."

"என்னை அளந்து பாருங்க," என்றாள் சுடர்க்கொடி.

அவளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, தன் அடையாள அட்டையை வைத்து, பட்டையைக் கட்டிக்கொண்டாள். தள்ளினாள். சுருக்கென்று மின்சாரம் குத்தியது. கால் எகிறியது. அறுபத்தொன்று.

அதியமான் எண்ணையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்களுமா? உங்களுக்கு என்ன வந்துச்சு மேடம், நீங்க எதுக்குக் காலைப் பிடிச்சு வெக்கறீங்க?"

"நான் காலைப் பிடிச்சு வெக்கல சார். வேற ஒண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கேன். அதை விட்டாத்தான் கால் முழுசா வரும். விட்டா உங்க நாற்காலி நனைஞ்சுரும்."

சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானைப் பார்த்துக்கொண்டே அவள் இதைச் சொன்னாள். அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவன் காதுமடல்கள் சிவந்தன. மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

"எங்கம்மா பஸ்ஸுக்கு ஓடவே மாட்டாங்க," என்றான். "அடுத்ததுல போலாம்பாங்க. சோம்பேறின்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்." பிறகு, "சாரி மேடம்," என்றான்.

"யார் பேரும் வெளிய வரக்கூடாது சார். நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"பேரே வேண்டாம். வயித்துப் பட்டையில இருந்து வர்ற தகவல் ஏற்கனவே நம்மகிட்ட இருக்கு. யார் முதல்ல அடிவயித்தை இறுக்கிட்டு அப்புறம் காலைத் தள்றாங்கன்னு கருவியே கண்டுபிடிச்சிடும். அந்தப் பிரேக்கைக் கழிச்சுட்டா நிஜமான எண் வந்துரும்." அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. தப்பு செய்துவிட்டோம், அதைத் திருத்தவும் முடியும் என்று தெரிந்துகொண்ட பொறியாளனின் சந்தோஷம் அது. அன்று அவன் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து திருத்தத்தை எழுதி முடித்தான்.

அங்கேதான் இன்னொரு தவறு நடந்தது, பொறியாளர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எந்தத் திருத்தமும் ரகசியமாக இருக்கக் கூடாது, திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி வேண்டும், அதைத் தொட்டால் விளக்கம் வரவேண்டும் என்பது விதி. குறிகளின் பட்டியலில் விண்மீன் இருந்தது, முக்கோணம் இருந்தது, சின்னதாக ஒரு நீலத் துளியும் இருந்தது. பொருத்தமாக இருக்கட்டும் என்று அதியமான் துளியைத் தேர்ந்தெடுத்தான்.

மறுநாள் காலை மயிலாத்தாள் மூன்றாம் முறை உட்கார்ந்தாள். தொண்ணூற்றைந்து. அவள் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டாள். சுடர்க்கொடி சொன்னாள். மயிலாத்தாளின் முகம் மெல்ல மலர்ந்ததைப் பார்த்தபோது, இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் முறையாகச் சுடர்க்கொடிக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

"நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று மயிலாத்தாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்க பேரைச் சொல்லலீங்கக்கா."

அது உண்மைதான்.

சாப்பாட்டு வேளையில் எண்கள் திரைக்கு வந்தன. மயிலாத்தாள், தொண்ணூற்றைந்து, பக்கத்தில் நீலத் துளி. அவளுக்குக் கீழே இன்னும் நிறையப் பெண்கள், நிறையத் துளிகள். ஆண்கள் வரிசையில் ஒன்றும் இல்லை. இதென்ன மழை அறிவிப்பா என்று யாரோ கேட்டார்கள். லாரி டிரைவர் ஒருவன் எழுந்து போய் மயிலாத்தாள் பெயருக்கு எதிரே இருந்த துளியைத் தொட்டான். விளக்கம் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், திரை முழுக்க விரிந்தது: சிறுநீர்க் கசிவைத் தடுக்கும் தசை இறுக்கத்துக்கான திருத்தம்.

கூடத்தில் எல்லோரும் அதை ஒரு முறை படித்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் தன் கைக்குழந்தைக்கு வாங்கிய டயப்பரைப் பற்றி ஏதோ சொன்னான், அதற்குப் பலர் சிரித்தார்கள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வெளியே போனான். மயிலாத்தாள் போகிறவனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு முந்தானை இருப்பதாக நினைத்து, சீருடைத் தோளில் கையால் தேடினாள்.

மணி அடிப்பதற்குள் அளவை அறை வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் மயிலாத்தாள் நின்றாள்.

"பழைய நம்பரையே போட்டுருங்க," என்றாள்.

அதியமான் எழுந்தே விட்டான். "அக்கா, அறுபத்து நாலைப் போட்டா வேலை போயிடும். வேற எங்கயும் சேர முடியாது. இதுதான் உங்க நிஜமான எண். நீங்க திருடலைன்னு ஊருக்கே நிரூபிச்சிருக்கேன்."

"ஊருக்கே நிரூபிச்சுப்போட்டீங்க தம்பி," என்றாள் மயிலாத்தாள். "எனக்கு அந்த அறுபத்து நாலே போதும். இந்தத் துளியை எடுங்க."

"குறியை மட்டும் மாத்திடறேன். விண்மீன் போடறேன்."

"எதைப் போட்டாலும் இனி அதுதானுங்க அர்த்தம்," என்றாள் வரிசையில் நின்ற இன்னொருத்தி.

அவரவர் எண்ணுக்குத் திருத்தம் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அவரவருக்கு இருந்தது. அதுவும் விதிதான். சுடர்க்கொடி தட்டை நீட்ட, ஒவ்வொருத்தியாக வந்து விரலை வைத்தார்கள். ஒவ்வொரு துளியாகத் திரையிலிருந்து மறைந்தது. அந்த இடத்தில் அறுபத்து நான்கு, எழுபது, ஐம்பத்தெட்டு என்று திருட்டு எண்கள் திரும்பி வந்தன. விரலை வைத்துவிட்டுப் போகும்போது அவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியைச் சுடர்க்கொடியால் பார்க்க முடியவில்லை.

அறை காலியானதும் அதியமான் கதவைச் சாத்தினான்.

"மேடம், ஒரு வழி இருக்கு. ஒருத்தர்கூட ஏத்துக்காத திருத்தத்தைக் கருவி தானாவே தூக்கிடும். ஆனா ஒரே ஒரு பேர் துளியோட நின்னாலும் திருத்தம் செல்லும். அதைக் காட்டி நான் மேலிடத்துல பேசுவேன், இவங்க யாரையும் அனுப்ப விடமாட்டேன். நேத்து நீங்க உங்க அட்டையை வெச்சுத்தான் உட்கார்ந்தீங்க. உங்க எண் பதிவாகியிருக்கு. திருத்தினப்புறம் தொண்ணூத்தி நாலு. ஊழியர் பட்டியல் சாயங்காலம்தான் திரைக்குப் போகும். உங்க பேர் மட்டும் இருக்கட்டும். நீங்க படிச்சவங்க, இதுல ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். பிரசவமான பெண்களில் எத்தனையோ பேருக்கு வருவது, பயிற்சியில் குறையக்கூடியது, இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று எத்தனையோ நோயாளிகளுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அதியமானுடைய திரையில் தன் பெயரையும் அதை ஒட்டி நின்ற நீலத் துளியையும் பார்த்தாள். கேட்டில் இருக்கும் காவலாளியின் மகள் தன் பெண்ணோடு ஒரே வகுப்பு என்பது ஞாபகம் வந்தது. சாயங்காலம் உணவுக்கூடத்தில் அந்த டிரைவரின் விரல் தன் பெயர் மேல் படுவதை நினைத்தாள். அடிவயிறு தானாக இறுகியது.

"என்னுதையும் எடுத்துருங்க சார்," என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. விரல் வைக்கும் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். வைத்தாள். திருத்தம் நீக்கப்பட்டது என்று கருவி பணிவாக அறிவித்தது.

மாலையில் ஆட்கள் வெளியேறும்போது மயிலாத்தாள் கேட்டுக்குப் பக்கத்தில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பூப்போட்ட சேலையில், டிபன் பாக்ஸ் வைத்த பையோடு நின்றாள்.

"போயிட்டு வர்றனுங்க அம்மிணி. துளியை எடுத்துக் குடுத்து மானத்தைக் காப்பாத்திப்போட்டீங்க. மறக்க மாட்டேன்."

"வேலை போயிருச்சேங்கக்கா."

"காடு தோட்டத்து வேலைக்குப் போய்க்குவனுங்க. திருடின்னு சொன்னா எதுத்து நாலு வார்த்தை பேசலாம். இதுக்கு என்னத்தைப் பேசறது?" அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "உங்களுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை, அப்படியும் எங்க கஷ்டம் தெரிஞ்சு நடந்துட்டீங்க பாருங்க. அந்த மனசு யாருக்குங்க வரும்?"

சுடர்க்கொடி ஏதாவது சொல்வாள் என்று மயிலாத்தாள் சிரித்த முகத்தோடு நின்றாள்.

"பரவால்லீங்கக்கா," என்றாள் சுடர்க்கொடி.